முதல் பந்தை எதிர்கொண்டவர்

1932ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் மூன்று பெயர்களைத் தவறாமல் சொல்வார்கள். தலைமையேற்ற சி. கே. நாயுடு, முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் வீழ்த்திய முகமது நிசார், இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை அடித்த அமர் சிங். நாலாவதாக ஒரு பெயர் உண்டு. வினாடி வினா நடத்துவோர் மட்டும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவுக்காக முதல் பந்தை எதிர்கொண்டவர் யார் என்ற கேள்விக்கு விடையான ஜனார்தன் ஞானோபா நவ்லே. மட்டை பிடிக்கப் போவதற்கு முன்பே அவர் அந்த ஆட்டத்தில் வேறொரு 'முதல்' ஆகிவிட்டிருந்தார். இந்திய டெஸ்ட் அணியின் முதல் விக்கெட் கீப்பர் அவர்தான்.

விக்கெட் கீப்பரின் பணி விந்தையானது. நன்றாகச் செய்தால் எவர் கண்ணிலும் படாது. தவறினால் மட்டுமே தெரியும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை குந்தி எழ வேண்டும். மட்டையாளர் தொடாமல் விட்ட ஒவ்வொரு பந்தையும் கைகளில் வாங்க வேண்டும். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் இதே இடத்தில் குந்தியிருப்பவரைக் கேட்சர் என்கிறார்கள். இரண்டு ஆட்டங்களும் வேறு வேறு மண்ணில் வளர்ந்தவை. ஆயினும் இந்த ஒரு மனிதனை இரண்டும் ஒரே விதமாக வார்த்திருக்கின்றன. விரல்கள் கோணியவன், முழங்கால் தேய்ந்தவன், ஆட்டம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்ப்பவன். பேஸ்பாலின் தொடக்ககாலக் கேட்சர் ஒருவரைப் பற்றிப் பின்னால் சொல்ல இருக்கிறோம். அதற்கு முன் நவ்லேயின் ஊர்ப்பக்கம் போய்வர வேண்டும்.

நவ்லே 1902 டிசம்பர் 7 அன்று மகாராஷ்டிரத்தின் ஃபுல்கானில் பிறந்தவர். பூனா நகரத்துப் பள்ளியில் படித்தார். பதினாறு வயதிலேயே பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்து அணிக்கு விக்கெட் கீப்பராக நின்றார் என்பது அவரைப் பற்றிய குறிப்புகளில் எல்லாம் வரும் செய்தி. இந்தியாவின் அன்றைய கிரிக்கெட்டை இன்றைய கண்கொண்டு பார்க்க முடியாது. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமயவாரியாகப் பிரிந்த நான்கு அணிகள் மோதிய அந்தப் போட்டிதான் நாட்டின் தலையாய கிரிக்கெட் திருவிழா. மாகாணங்கள் மோதும் ரஞ்சிக் கோப்பை தொடங்க 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூனாவுக்கு அந்தக் கதையில் தனியிடம் உண்டு. பல்வங்கர் பாலு என்னும் இடக்கைச் சுழற்பந்து மேதை உருவானது அங்கேதான். 1876இல் தார்வாடில் தாழ்த்தப்பட்ட குடியொன்றில் பிறந்த பாலு, பார்சிகளின் ஆட்டக்களத்தைப் பெருக்கியும் உருட்டியும் மாதம் மூன்று ரூபாய் பெற்றார். பின்னர் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்குப் போனபோது ஊதியம் நான்கு ரூபாய் ஆயிற்று. வலைப்பயிற்சியில் அவர் பந்துவீச, வெள்ளைக்காரர்கள் மட்டையைச் சுழற்றினார்கள். கிரெய்க் என்ற ஆங்கிலேயர் தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். ராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட இந்திய கிரிக்கெட்டின் சமூக வரலாற்று நூல், பாலுவை மையத்தில் நிறுத்திய பிறகுதான் நம்மில் பலருக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. இந்து அணியில் பாலு ஆடியபோது களத்துக்குள் எல்லோரும் அதே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பந்தலுக்கு வெளியே தனி மண்குவளை. தோல்பந்துக்குத் தீட்டில்லை, தேநீருக்கு உண்டு!

பாலுவை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. பூனா கிளப் கொடுத்த அந்த நான்கு ரூபாயை என்ன பெயரிட்டு அழைப்பது? சம்பளமா, கூலியா? அவர் ஆட்டக்காரரா, பணியாளா? இங்கிலாந்தில் இக்கேள்விக்குத் தெளிவான விடை இருந்தது. பொழுதுபோக்காக ஆடும் கனவான்கள் ஒரு பக்கம், கூலிக்கு ஆடும் தொழில்முறையாளர்கள் மறுபக்கம். உடைமாற்றும் அறைகள் வேறு, மைதானத்துக்குள் நுழையும் வாயில்கள் வேறு. அச்சிட்ட ஆட்ட அட்டையில்கூடக் கனவானின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னும் தொழில்முறையாளரின் தலைப்பெழுத்துகள் பெயருக்குப் பின்னும் வந்தன. 1962இல்தான் இந்தப் பாகுபாடு முறைப்படி ஒழிந்தது. கொடுமையான ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழில்முறையாளர் என்று ஒருவரை அழைத்துவிட்டால் அவருக்கு ஊதியம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, நெடுநாள் ஆடியவருக்கு உதவிநிதி ஆட்டம் உண்டு. இந்தியாவில் அந்தப் பெயரும் இல்லை, பெயரோடு வரும் காப்பும் இல்லை. அரசர்களின் தயவு இருந்தது. ஹோல்கர் மன்னரின் படையில் பதவி பெற்ற நாயுடுவைப் போன்ற ஒரு சிலருக்கு அது போதுமானதாகவும் இருந்தது. தயவு என்பது சுரக்கும்வரை சுரக்கும் ஊற்று. அதன்மேல் ஒருவன் உரிமை கொண்டாட முடியாது.

*

1932 பயணம் அரசியல் கொந்தளிப்பின் நடுவே நிகழ்ந்தது. அந்த ஜனவரியில் காந்தி சிறையிலடைக்கப்பட்டிருந்தார். விஜய் மெர்ச்சன்ட் உள்ளிட்ட இந்து ஆட்டக்காரர் சிலர் அதைக் கண்டித்துப் பயணத்துக்கு வர மறுத்தனர். போனவர்களுக்குத் தலைவர் போர்பந்தர் மகாராஜா. பயணத்தில் அவர் அடித்த ஓட்டங்களைவிட அவரிடமிருந்த ரோல்ஸ்ராய்ஸ் கார்கள் அதிகம் என்ற கேலி இன்றும் வழங்குகிறது. ஆனால் தம் ஆட்டத்தின் எல்லையை அறிந்து டெஸ்டிலிருந்து ஒதுங்கிக்கொண்ட பண்பு அந்த மகாராஜாவுக்கு இருந்தது. அடுத்த பயணத்தின் தலைவர் விஜயநகர இளவரசரிடம் அது இருக்கவில்லை. போர்பந்தர் விலக, துணைத்தலைவரான லிம்டி இளவரசர் காயமுற, தலைமை நாயுடுவிடம் வந்தது.

இங்கிலாந்து முதலில் மட்டை பிடித்தது. அரைமணி நேரத்துக்குள் 19 ஓட்டங்களுக்கு மூன்று பேர் ஆட்டமிழந்தனர். சட்கிளிஃப், ஹோம்ஸ் இருவரின் குச்சிகளையும் நிசார் பெயர்த்தெறிந்தார்; வூலி ரன் அவுட். லார்ட்ஸின் நெடிய அமைதி அன்று வேறுவிதமாக இருந்திருக்கும். இங்கிலாந்தை மீட்டவர் அதன் தலைவர் டக்ளஸ் ஜார்டின். சில மாதங்களில் ஆஸ்திரேலியாவில் உடலைக் குறிவைத்துப் பந்துவீசச் செய்து பெரும்பழி தேடிக்கொள்ளப்போகும் அதே ஜார்டின். 79 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது நாயுடுவின் பந்தில் நவ்லேயின் கைகளில் பிடிபட்டார். டெஸ்ட் ஆட்டத்தில் இந்திய விக்கெட் கீப்பர் ஒருவர் பிடித்த முதல் பிடி அதுவே. நவ்லேயின் டெஸ்ட் வாழ்க்கையில் ஒரே பிடியும் அதுதான்.

இங்கிலாந்து 259இல் முடிந்தது. இத்தனை நேரம் குந்தி எழுந்த நவ்லே, கையுறையைக் கழற்றிவிட்டு உடனே மட்டையோடு திரும்பினார். நவூமல் ஜாவூமலுடன் தொடக்க ஆட்டக்காரர். இன்றைய டெஸ்ட் அணி எதுவும் விக்கெட் கீப்பரை இப்படி வேலை வாங்கத் தயங்கும். அவர் எடுத்தவை 12 ஓட்டங்கள், அடுத்த இன்னிங்ஸில் 13. இந்தியா 189, 187. இங்கிலாந்து 158 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. எண்களாகப் பார்த்தால் சாதாரணத் தோல்வி. ஆயினும் நவ்லேயின் விக்கெட் காப்பு முதல்தரமானதென்றும் எதையும் விரைந்து செய்பவர் என்றும் விஸ்டன் ஆண்டிதழ் பாராட்டியது. விஸ்டன் அப்படி எளிதில் வாய்திறக்கும் ஏடன்று.

அதே ஆட்டத்தில் எதிரணிக்கு விக்கெட் காத்தவரைச் சற்றே பார்ப்போம். லெஸ்லி ஏம்ஸ், கென்ட் கவுண்டியின் தொழில்முறை ஆட்டக்காரர். நவ்லேக்கு மூன்று வயது இளையவர். முதல் இன்னிங்ஸில் 65 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் நூறு சதங்களுக்கு மேல் அடித்தவர். விக்கெட் கீப்பர்களில் அது பெரும் அரிது. ஆட்டத்திலிருந்து விலகிய பின்னும் கென்ட் அவரைக் கைவிடவில்லை. செயலாளராகவும் மேலாளராகவும் பல்லாண்டுகள் பணியாற்றினார். தேர்வுக்குழுவில் அமர்ந்தார். இங்கிலாந்து அணிகளை அயல்நாடுகளுக்கு அழைத்துச் சென்றார். 1990இல் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார். ஒரே புல்தரையில் ஒரே குச்சிகளுக்குப் பின்னால் மாறி மாறிக் குந்திய இரண்டு மனிதர்கள். இருவருக்குமிடையே திறமையில் வேறுபாடு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பின்னாளில் அவர்களின் வாழ்வுகளுக்கிடையே விழுந்த பள்ளம் திறமையால் விழுந்ததன்று.

1933 டிசம்பரில் இங்கிலாந்து அணி இங்கே வந்தது. பம்பாய் ஜிம்கானாவில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட். லாலா அமர்நாத் 118 ஓட்டங்கள் அடித்து இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தைப் பதித்த ஆட்டம் என்பதால் அதில் வேறெதுவும் நினைவில் தங்கவில்லை. நவ்லே 13, 4. அடுத்த ஆட்டம் கல்கத்தாவில். நவ்லேயின் இடத்தில் தில்வார் ஹுசேன் இறங்கினார். தலையில் பந்து பட்டுக் கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பிவந்து ஆடி 59, மறு இன்னிங்ஸில் 57. அதன் பின் நவ்லேக்குக் கதவு திறக்கவில்லை. இரண்டு டெஸ்ட்கள், நான்கு இன்னிங்ஸ்கள், 42 ஓட்டங்கள், ஒரு பிடி. காப்பவனிடம் காப்பை மட்டும் கேட்டால் போதாது, ஓட்டமும் கேட்க வேண்டும் என்ற வழக்கம் இந்திய கிரிக்கெட்டில் அன்றே தொடங்கிவிட்டது. அதை நியாயமற்றதென்று சொல்லிவிட முடியாது. தில்வாரின் துணிவும் பொய்யன்று.

*

பேஸ்பால் கேட்சர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம் என்றோம். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கறுப்பினத்தவர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1884இல் டொலீடோ அணிக்காக அன்றைய பெருங்கழகங்களுள் ஒன்றில் 42 ஆட்டங்கள் ஆடினார். நிறத்தடையை உடைத்தவர் என்று உலகம் கொண்டாடும் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது 1947இல். வாக்கர் அவருக்கு அறுபத்துமூன்று ஆண்டுகள் முந்தியவர்.

அக்காலக் கேட்சர்களுக்கு இன்றுள்ள தடித்த கையுறை கிடையாது. வெறுங்கையாலோ மெல்லிய தோலுறையாலோ பந்தை வாங்க வேண்டும். கேட்சர் விரல்களால் சைகை காட்டுவார்; இன்ன வகைப் பந்தை இங்கே எறி என்று பொருள். எறிபவர் அதன்படி எறிந்தால்தான் பிடிக்க ஆயத்தமாக இருக்க முடியும். டொலீடோவின் முதன்மைப் பந்தெறியாளர் டோனி முல்லேன் என்ன செய்தார் என்பதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். தாம் பார்த்த கேட்சர்களில் வாக்கரே சிறந்தவர். ஆனாலும் கறுப்பரின் சைகைக்குக் கீழ்ப்படிய மனமில்லாமல், சைகையைப் பார்க்காமலேயே விரும்பிய பந்தை எறிந்ததாகச் சொன்னார். எது வருமென்று தெரியாமல் அத்தனை பந்துகளையும் வாக்கர் வாங்கினார். இதைப் படிக்கும்போது பாலுவின் மண்குவளை நம் நினைவுக்கு வராமல் இருக்குமா? திறமையை வாயாரப் புகழ்ந்துகொண்டே, அதே மூச்சில் மனிதனை விலக்கிவைக்கும் கலையை எந்த நாடும் எந்த நாட்டிடமிருந்தும் கற்க வேண்டியிருக்கவில்லை.

ரிச்மண்ட் நகருக்கு வாக்கர் ஆட வந்தால் எழுபத்தைந்து பேர் திரண்டு தாக்குவோம் என்று மிரட்டல் கடிதம் வந்தது. 1887 ஜூலை 14 அன்று, வாக்கர் அப்போது ஆடிக்கொண்டிருந்த கழகத்தின் உரிமையாளர்கள் கறுப்பர்களோடு புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்தார்கள். அதன்பின் அவர் வாழ்க்கை எங்கெங்கோ போயிற்று. கொலைக்குற்ற வழக்கில் சிக்கி விடுதலையானார். அஞ்சல் திருட்டுக் குற்றத்துக்குச் சிறைசென்றார். புத்தாக்கங்களுக்கு உரிமம் பெற்றார். கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்கே திரும்ப வேண்டுமென்று 1908இல் ஒரு சிறுநூல் எழுதினார். 1924இல் இறந்தபோது கல்லறையில் பெயர்ப்பலகை இல்லை. ஓபர்லின் கல்லூரி அன்பர்கள் அங்கே ஒரு கல் நட்டது 1990இல்.

அந்தக் கல் நம்மைச் சற்று நிறுத்துகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாழ்வோருக்கு நடுகல் ஏட்டுச் செய்தியன்று. வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் அது கிடக்கிறது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக நிற்கிறது. ஆநிரை மீட்டு விழுந்தவன், புலியோடு பொருது மாண்டவன் என வீரனின் பெயரும் செயலும் பொறித்த கற்கள். வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு படிகளாக வகுக்கிறது. எழுத்தே இல்லாத நடுகற்களும் இங்கே பல. ஓங்கிய கையும் வாளும் தெரிகின்றன, ஆளின் பெயர் தெரியாது. நவ்லேயின் நிலை நேர்மாறானது. பெயரும் உண்டு, பிடித்த பிடியும் உண்டு, எண்களும் உண்டு. அந்த எழுத்துக்குப் பின்னால் நின்ற ஆள்தான் இல்லை.

ஆட்ட நாட்கள் முடிந்த பின் நவ்லே பூனாவில் இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் வசித்தார். சர்க்கரை ஆலை ஒன்றில் காவலராக வேலை பார்த்தார். பம்பாய்–பூனா நெடுஞ்சாலையில் அவர் கையேந்தி நின்றதாகவும் ஒரு செய்தி உண்டு. அது உறுதிப்படாத செய்தி. அதை வைத்துக் கண்ணீர்க்கதை எழுத நாம் விரும்பவில்லை. ஆலைக்காவல் என்ற ஒன்றே போதுமானது. ஓசூர் சிப்காட்டின் நூற்றுக்கணக்கான ஆலைகளுக்கு நடுவே வாழும் நமக்கு அந்த வேலையின் வடிவம் நன்றாகத் தெரியும். ஷிப்டு மாறும் வேளையில் வாயிலில் நின்று, உள்ளே வருவோரின் அடையாள அட்டையைப் பார்க்கிறார். லாரி எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறார். மழையிலும் மார்கழிக் குளிரிலும் நிற்கிறார். அவரது முன்வாழ்வை எவரும் கேட்பதில்லை. 'செக்யூரிட்டி' என்பதே பெயராகிவிடுகிறது. நிசாரின் வேகத்துக்குக் கை கொடுத்தவர் இப்படியொரு வாயிலில் நின்றார்.

இது தவிர்க்க முடியாத விதியா என்று கேட்டால், இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது. நம் எல்லையின் இருபுறமும் உள்ள சென்னையும் மைசூரும்தான் மோதின. மைசூர் 48, 59 என்று சுருண்டு, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுத்தார். அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். அவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அவர் பந்துவீச்சைக் கண்ட ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் நாட்டுக்காக ஆடினார். பின்னர் சென்னையும் இலங்கையும் மோதிய கோப்பைக்கே கோபாலன் பெயர் சூட்டினார்கள். தொண்ணூறு வயதைக் கடந்து, மதிப்போடு வாழ்ந்து 2003இல் மறைந்தார். முதல் பந்தை வீசியவருக்கும் முதல் பந்தை எதிர்கொண்டவருக்கும் இடையே நின்றது ஒரு மாதச்சம்பளம். இதுவும் ஒருவகைத் தயவுதான். ஆனால் நியமன ஆணையோடு வந்த தயவு. தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டை வங்கிகளும் கம்பெனிகளும் வளர்த்த கதையை யாரேனும் விரிவாக எழுத வேண்டும். கவிஞர்களையும் நாடகக்காரர்களையும் எழுதும் நாம் சம்பளப் பட்டியலை எழுதுவதில்லை.

இன்று முன்னாள் டெஸ்ட் ஆட்டக்காரர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்குகிறது. நவ்லேயின் நாளில் அப்படி ஒன்றில்லை.

1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் முடிவில் இந்தியா மறுபடி லண்டனில் ஆடிக்கொண்டிருந்தது, இம்முறை ஓவல் மைதானத்தில். தலைவர் சென்னையின் வெங்கட்ராகவன்; விக்கெட் கீப்பர் சென்னையின் பரத் ரெட்டி. வெற்றிக்கு 438 தேவை. தொடக்க ஆட்டக்காரர் கவாஸ்கர் 221 அடித்தார். அவரோடு 213 ஓட்டங்கள் சேர்த்த சேத்தன் சௌஹான் பூனாவில் படித்து வளர்ந்தவர். செப்டம்பர் 4 மாலை ஆட்டம் முடிந்தபோது இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 429. ஒன்பது ஓட்டங்கள் குறைவு. களத்தில் ஆட்டமிழக்காமல் நின்றவர்களில் ஒருவர் பரத் ரெட்டி. நவ்லே பூனாவில் இறந்தது மூன்று நாட்களுக்குப் பின், செப்டம்பர் 7ஆம் நாள்.